உழவாரத்தின் கண்ணாடிகள்

நெய்வேலி நகரியத்தில் கலைச்செல்வன் என்றால், ஷிப்டு ஆட்களின் வருகையைக் கணிப்பொறியில் ஏற்றும் கான்ட்ராக்ட் ஆள் என்றுதான் பலருக்கும் தெரியும். அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'உழவாரம்' என்ற தமிழ்ப் பிழைதிருத்தியின் கண்ணாடிகளைப் பார்த்துக்கொள்வது. அதற்குச் சம்பளம் கிடையாது.

உழவாரத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எழுதியவள் நந்தினி. காடாம்புலியூர்ப் பெண், சென்னையில் வேலை. கோப்புகள் எல்லாம் அவள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வரில் இருந்தன. அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று, அதே கோப்புகளை அப்படியே வேறு இடத்தில் நகலாக வைத்திருப்பதற்குத்தான் கண்ணாடி என்று பெயர். கலைச்செல்வனை யாரும் கேட்கவில்லை. தானாகவே தொடங்கிவிட்டு நந்தினிக்கு மடல் எழுதினான். 'அதிகாரப்பூர்வமற்ற நகல்' என்று பக்கத்தின் தலையில் போட்டுக்கொள்ளுங்கள், போதும் என்று அவள் பதில் எழுதினாள்.

அதைப் படித்த அவன் மனைவி அம்சவல்லி, "ஆபீஸ்லதான் கான்ட்ராக்ட்டு. சும்மா செய்யிற வேலையிலயுமா உன்ன பர்மனென்ட் ஆக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குவார்ட்டர்ஸில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கணிப்பொறிதான் முதல் கண்ணாடி. அது தினமும் விடியற்காலையில் நந்தினியின் சர்வரைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இலவசமாக இடம் கிடைத்த வெளிநாட்டுச் சர்வர்கள் இரண்டு, இதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். நான்காவது மந்தாரக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தனகோடியிடம் இருந்தது.

தொடக்கத்தில் கண்ணாடிகள் புதிதாக வந்ததைச் சேர்த்துக்கொள்ளுமே தவிர, பழையதை நீக்காது. அதனால் ஒரு வம்பு வந்தது. பிழை மலிந்த ஒரு சொற்பட்டியலை நந்தினி தன் இடத்திலிருந்து எடுத்துவிட்டாள். கலைச்செல்வனின் நகலில் அது அப்படியே கிடந்தது. ஒரு சிறு அச்சகத்துக்காரர் அங்கிருந்து அதை எடுத்துப் பயன்படுத்தி, கல்யாணப் பத்திரிகையில் 'மணமக்களை வாழ்த்தி' என்பதற்கு 'வாழ்தி' என்று அடித்துவிட்டார். திட்டெல்லாம் நந்தினிக்கு. அவள் போன் செய்து, "அண்ணா, நான் போட்டத மட்டும் காட்டினா அது கண்ணாடி இல்ல. நான் எடுத்ததையும் எடுக்கணும்" என்றாள். கலைச்செல்வனுக்கு முகம் சுருங்கிப்போனது. அன்றே, மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது என்று கட்டளையை மாற்றினான். பிறகு ஒரு குறையும் வந்ததில்லை.

2013 சித்திரையில் நந்தினிக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். பாதி நாள் ஆஸ்பத்திரி, பாதி நாள் வீடு. அப்போதுதான் ஒற்றுப்பிழை பார்க்கும் பகுதியைக் கையில் எடுத்தாள். 'வேலைக்கு போனான்' என்று எழுதினால் நடுவே 'ப்' போடச் சொல்ல வேண்டும். 'வந்த பையன்' என்பதில் சொல்லக் கூடாது. இதை ஒரு நிரலுக்குப் புரியவைப்பது லேசான காரியம் இல்லை என்று போனில் சொன்னாள். முடியாததை வெளியிட மாட்டாள். ஆனால் அன்றன்று எழுதியதை அன்றன்றே சர்வரில் ஏற்றிவிடுவாள்.

ஐப்பசியில் ஒருநாள், மூச்சு வாங்க, "நான் இல்லன்னாலும் உங்க கிட்ட இருக்கும் இல்லண்ணா?" என்று கேட்டாள்.

"மூணு எடத்துல இருக்கும்மா" என்றான் கலைச்செல்வன்.

நான்கு என்று சொல்லவில்லை. தனகோடியின் நகலை அதற்குள் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தான். ஆடிக் காற்றில் ஒயர் அறுந்தபின் தனகோடி அந்தக் கணிப்பொறியைத் திரும்ப இணைக்கவே இல்லை. பழைய சரக்கைக் காட்டிக்கொண்டிருப்பதற்குக் கடையைச் சாத்திவிடலாம் என்று கலைச்செல்வன் திட்டியதற்கு, "நீ சம்பளம் குடு, நான் ஒயர் மாத்தறேன்" என்று தனகோடி நக்கலடித்தான். அதோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

கார்த்திகையில் நந்தினி போய்ச்சேர்ந்தாள். கலைச்செல்வன் கருமாதிக்குப் பஸ் ஏறிப் போய், பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிட்டுத் திரும்பினான்.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்படுமுன் வழக்கம்போல் கண்ணாடியைத் திறந்து பார்த்தான். உழவாரம் என்ற பெயரில் கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மற்ற இரண்டு இடங்களையும் பார்த்தான். அங்கேயும் அதே. விடியற்காலை ஒத்திசைவு பிழையின்றி முடிந்தது என்று கணிப்பொறி எழுதி வைத்திருந்தது.

நந்தினியின் அண்ணன் அன்புமணிக்குப் போன் செய்து, சர்வரில் ஏதாவது கோளாறா என்று கேட்டான். கோளாறு ஒன்றும் இல்லை என்றான் அன்புமணி. கருமாதி முடிந்த சாயங்காலம் அவள் துணிமணிகளையெல்லாம் துணி வெளுக்கும் ஏகாலியிடம் கொடுத்தார்களாம். அதேபோல, பொம்பளைப் பிள்ளையின் சொந்த விஷயம் எதுவும் அந்நியர் கையில் சிக்கக் கூடாது என்று, அவள் சர்வரில் இருந்ததையெல்லாம் அழித்தானாம். லேப்டாப்பையும் சுத்தமாக்கிச் சித்தப்பா மகளுக்குக் கொடுத்துவிட்டானாம்.

கலைச்செல்வன் சரி என்று சொல்லிப் போனை வைத்தான். அன்று வேலைக்குப் போகவில்லை. அழிந்ததை மீட்கும் நிரல்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். தலையும் வாலும் இல்லாத துண்டுகள்தான் மிஞ்சின. உழவாரத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கெல்லாம் மடல் எழுதினான். அவர்களிடம் வெளியான பதிப்பு இருந்தது; மூல நிரல் ஒருவரிடமும் இல்லை.

கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் போனான். தனகோடி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாப்பா, கடைய சாத்தச் சொல்ல வந்தியா?"

நடந்ததைக் கேட்டதும் தனகோடி எழுந்துபோனான். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அந்தக் கணிப்பொறியை இழுத்துத் தூசி தட்டி மின்சாரம் கொடுத்தான். உழவாரம் இருந்தது. மூல நிரல், சொற்பட்டியல், எல்லாம். ஆடிவரைக்கும்.

அடுத்த வாரம் அன்புமணி குவார்ட்டர்ஸுக்கு வந்தான். நந்தினியோடு வேலை பார்த்தவர்கள் சென்னையில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தப்போகிறார்கள். அவள் கடைசியாகச் செய்ததை அன்று வெளியிடுவார்கள். அது கலைச்செல்வன் அண்ணனிடம் பத்திரமாக இருக்கிறது என்று தங்கை சொல்லியிருந்தாள் என்றான். கலைச்செல்வன் மீட்டதைத் திறந்து, மாற்றக் குறிப்பைக் காட்டினான். நந்தினி தன் கையால் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டு எழுதிவந்த குறிப்பு அது. ஆடியோடு நின்றிருந்தது.

அன்புமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுக்கப்புறம் ஒண்ணும் செய்யாம படுத்துக்கினு இருந்தான்னுதானே பாக்கறவங்க நெனைப்பாங்க? கையில ஊசியோட டைப் அடிச்சிகினு இருந்தாண்ணே. நான்தான் லேப்டாப்ப புடுங்கி புடுங்கி வெப்பேன்." பிறகு குரல் இறங்கிற்று. "நான் அழிச்சதாலயா?"

சர்வர் கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிடலாம். நம்பியும் விடுவான். சமையல்கட்டு வாசலில் நின்ற அம்சவல்லி கண்ணாலேயே அதைத்தான் சொன்னாள்.

"நீங்க அழிச்சீங்க தம்பி" என்றான் கலைச்செல்வன். "அங்க போனாலும் இங்க இருக்கணும்னுதான் நான் வெச்சிருந்தேன். நீங்க அழிச்சத பாத்து இதுவும் அழிச்சிகிச்சு. அப்படி அழிக்கச் சொல்லி வெச்சவன் நானு."

அன்புமணிக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதுமாயிருந்தது. தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கலைச்செல்வன் மாற்றக் குறிப்பின் அடியில் தட்டினான்: 'இதன் பிறகு கார்த்திகை வரை நந்தினி ஒற்றுப்பிழைப் பகுதியை எழுதினார். அது இங்கே இல்லை. நகல் வைத்திருந்தவரின் தவறால் அழிந்தது. கலைச்செல்வன், நெய்வேலி.'

அன்புமணி படித்துப் பார்த்துவிட்டு, தன் பெயரையும் போடச் சொன்னான்.

"வேணாம் தம்பி. தங்கச்சி பொருள எடுத்துப்போட உங்களுக்கு உரிம இருக்கு. காபந்து பண்றேன்னு சொன்னவனுக்கு அது கெடையாது."

அம்சவல்லி கொண்டுவந்த டீ ஆடை படிந்து கிடந்தது. அன்புமணி எழுந்து வாசலில் செருப்பை மாட்டும்போது, கூட்டத்தில் சொல்வதற்காவது ஆகுமே என்று, அவள் கடைசியாக எழுதிய விதி எதைப் பற்றியது என்று கேட்டான்.

கலைச்செல்வனுக்குத் தெரியவில்லை. தினமும் நகல் எடுத்தானே ஒழிய, ஒருநாளும் திறந்து படித்ததில்லை.