ஆரத்தித் தட்டில் ஒரு சோதனை

நிறங்கள் அனைத்துமாய் விரிந்து, எந்த நிறத்திலும் அகப்படாது நிற்கும் பெருமானே! இனிப்பைப் போலவே கசப்பும் நீ படைத்த சுவை. ஆதலால் கசந்த நெஞ்சிலிருந்து வரும் இச்சொற்களையும் உன் திருவடியில் வைக்கிறேன். ஏற்றருள்க.

இன்று மார்கழித் திருவாதிரை. விடியற்காலையில் ஆடல்வல்லானின் அபிடேகம் கண்டு, களிப் பிரசாதம் வாங்கி வந்து, ஈரத்தலை உலருமுன்பே எழுத அமர்ந்துவிட்டேன். நன்னாளில் மங்கலமானவற்றையே எழுத வேண்டும் என்பார்கள். நான் எழுதப்போவதும் ஒரு மங்கலப் பொருளைப் பற்றியதுதான்.

அறுபதுகள் பிறக்கும் தறுவாயில், கடல்கடந்த இத்தீவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். என் தந்தையார் துறைமுகக் கிடங்கில் எழுத்தர். வைகறையில் நீராடி, திருநீறு தரித்து, பதிகங்களைப் பண்ணோடு பாடிய பின்னரே வேலைக்குப் புறப்படுவார். கீழே மாவு மில் ஓடத் தொடங்கும் வரை அவர் குரலே எங்கள் சந்துக்குப் பொழுது விடிந்த செய்தி. அவர் பாடப் பாடக் கேட்டே எழுத்தறியும் முன்பு நான் நூற்றுக்கணக்கான பாடல்களை மனனம் செய்தேன். நிலமும் நீரும் தீயும் காற்றும் வெளியும் அவனே என்று இருவரும் சேர்ந்து பாடுவோம்.

நடைதூரத்தில் இருந்த தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்தேன். ஆய்வுக்கூடம் என்ற சொல்லை அப்பள்ளி கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. எங்கள் வகுப்பு ஆசிரியை முப்பது வயதைத் தாண்டியவர், மணமாகாதவர். வெள்ளிக்கிழமைதோறும் கித்தான் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். அதற்குள் காலிப் பால்டின்கள், காப்பிக் கடையில் இரவல் வாங்கிய கண்ணாடிக் குவளைகள், மெழுகுவத்தி, சீனர் கடைக் காடி, உப்பு, தேக்காச் சந்தையில் வாங்கிய எலுமிச்சை எல்லாம் இருக்கும். தட்டில் நீர் ஊற்றி, நீல மையைக் கலந்து, நடுவில் மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்துவார். எரியும் சுடர்மேல் குவளையைக் கவிழ்த்தால் சுடர் அணையும். நீலநீர் குவளைக்குள் ஏறும்.

முதன்முறை அதைப் பார்த்தபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "சாமி உறிஞ்சுறாரு டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை.

"சாமிதான் லா. யாரு இல்லேன்னா? ஆனா சாமி ஆளுக்கு ஒண்ணு செய்ய மாட்டாரு. எத்தன தடவ பத்த வெச்சாலும் ஒரே மாதிரிதான் செய்வாரு. நீ வந்து பத்த வை, பாப்போம்."

அவள் பற்றவைத்தாள். அடுத்து நான் பற்றவைத்தேன். ஒவ்வொரு முறையும் நீர் ஏறியது. ஆளுக்கொரு நீதி வைக்காதவன், செய்ததையே செய்பவன் என்று என் இறைவனுக்கு அன்று புதிய இலக்கணம் ஒன்று கிடைத்தது. பதிகத்தில் நான் பாடியவனும், குவளைக்குள் நீரை ஏற்றியவனும் ஒருவனே என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை.

எல்லாச் சோதனைகளிலும் மஞ்சள் தாள்தான் என் மனத்தைக் கொள்ளை கொண்டது. மிக எளிது, இன்றும் எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். மஞ்சளைக் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். அதன்மேல் சவர்க்கார நீரையோ வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிவையோ ஒரு துளி விட்டால் அவ்விடம் குருதிபோல் சிவக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மீண்டும் மஞ்சளாகும். மறுபடியும் சுண்ணாம்பு, மறுபடியும் சிவப்பு. சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம், இரண்டையும் காட்டிக்கொடுக்கும் சாட்சி மஞ்சள் என்று ஆசிரியை விளக்கினார். வீட்டில் விசேடம் தோறும் அம்மா கரைக்கும் ஆரத்தியின் சிவப்பும் இதுவே என்று நான் எழுந்து சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

"இத நான் சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டியே!"

தமிழிலேயே மேல்வகுப்பு படிக்க ஒரு பள்ளி வரப்போகிறது என்று அவ்வாண்டில் பேச்சு அடிபட்டது. ஆண்டிறுதித் தேர்வு எழுதித் தேறினால் அதில் சேரலாம். அங்கே உண்மையான ஆய்வுக்கூடமே இருக்கும் என்றார் ஆசிரியை. தந்தையாரிடம் கேட்டேன். "எழுதும்மா, தேறினா அனுப்புறேன்" என்றார். எங்கள் உறவில் எந்தப் பெண்ணும் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே நான் அவ்வாண்டு முழுவதும் உறங்கி எழுந்தேன்.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் பூப்பெய்தினேன்.

பள்ளிக்குச் செல்வது அன்றோடு நின்றது. தலைக்கு நீரூற்றும் நாள் குறித்தார்கள். செம்பவாங்கிலிருந்து என் அத்தை, தந்தையாரின் தமக்கை, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். அவருடைய மகனுக்குத்தான் நான் என்பது என் தொட்டில் நாளிலேயே பேசப்பட்ட செய்தி. வந்ததும் வராததுமாகத் தம்பியிடம் தொடங்கிவிட்டார்.

"வயசுக்கு வந்த புள்ளைய இனி பஸ் ஏத்தி அனுப்புவியா தம்பி? ஆம்பளப் பசங்களோட உக்காந்து என்னத்தப் படிக்கப் போறா? எம்மவன் அஞ்சாவதோட நின்னவன். இவ மேல மேல படிச்சா அவன மதிப்பாளா?"

"வாக்குக் குடுத்துட்டேன்க்கா" என்றார் தந்தையார். சுவருக்கு இப்பால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உயிர் திரும்பியது.

சடங்கன்று எங்கள் மாடி கொள்ளாத கூட்டம். பட்டுச்சேலை உடுத்தி, சடையில் தாழம்பூ தைத்து, நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். திருட்டி படாதிருக்கக் கையில் ஓர் எலுமிச்சம்பழம். அழைப்பை ஏற்று ஆசிரியையும் வந்திருந்தார். சுமங்கலிகள் ஆரத்தி சுற்றி முடித்துத் தட்டை என் அருகில் முக்காலியில் வைத்தார்கள். கீழே கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் கொட்டிவிட்டு வர அம்மா அதை எடுக்கவிருந்த நேரத்தில், ஆசிரியை எழுந்து தந்தையாரை வணங்கினார்.

"ஐயா, பரீட்சைக்கு மட்டுமாவது அனுப்புங்க. எங்க பள்ளிக்கூடத்துலயே நல்லா வரக்கூடிய புள்ள."

தந்தையாருக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அக்கா, நீயும் பாரேன். அம்மாடி, டீச்சர் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணச் செஞ்சு காட்டு. நீ என்னதான் படிக்கிறேன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

மெழுகுவத்தி இல்லை, குவளை இல்லை. ஆனால் சுண்ணாம்பு கலந்த மஞ்சள்நீர் அருகிலேயே இருந்தது. எலுமிச்சை என் கையிலேயே இருந்தது. வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தேன். ஆசிரியை வேண்டாம் என்பதுபோல் கையை உயர்த்தியதைக் கண்டேன். ஆனால் அதற்குள் பழம் இரண்டாகிவிட்டது.

"இது ஏன் செவப்பா இருக்கு தெரியுமாப்பா? இப்பப் பாருங்க."

பிழிந்தேன். சாறு விழுந்த இடம் கலங்கியது, வெளுத்தது. விரலால் சுழற்றினேன். கண்முன்னே சிவப்பு முழுவதும் கரைந்து, தட்டு நிறைய வெறும் மஞ்சள்.

சந்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "கல்யாணத்துக்கு மேஜிக்காரன் வேணாம் லா, பொண்ணே போதும்!" என்றார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தந்தையாரும் சிரித்தார்.

"ஐயையோ! செவப்புப் போச்சே! சுமங்கலிங்க சுத்துன ஆரத்திடி! குங்குமம் அழிஞ்ச மாதிரி வெளுத்துக் கெடக்குதே!" அத்தை மார்பில் அறைந்துகொண்டார்.

"இல்லத்தை, திரும்பச் செவப்பாகும். இதோ..." என்று சுண்ணாம்புக் குப்பியை எட்டி எடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். குப்பி உருண்டோடியது.

ஆசிரியை முன்னால் வந்தார். "அம்மா, இது சாதாரண விசயம். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டா..."

"நீங்க பேசாதீங்க டீச்சர். ஒங்களுக்குக் கழுத்துல ஒண்ணும் இல்ல. வெளுத்தா என்ன, செவந்தா என்ன?"

கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. என் அம்மா சுவரோடு சுவராக நின்றார். ஆசிரியை தம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தந்தையார் அவரருகே சென்று, மிகுந்த பணிவோடு சொன்னார்:

"சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர்."

என் படிப்பு அந்த உபசாரச் சொல்லில் முடிந்தது. ஆசிரியை சாப்பிடவில்லை. படியிறங்கும் ஓசை மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அவரை நான் கண்டதில்லை.

விருந்தினர் கலைந்த பின் ஒருநாள், துணிந்து தந்தையாரிடம் கேட்டேன்: "அப்பா, பரீட்சை?"

அவர் திருநீற்றுச் சம்புடத்தைத் துடைத்தபடியே சொன்னார்:

"நான் ஒண்ணும் அதெல்லாம் நம்பலம்மா. ஆனா அக்கா அழுவுறா. நாலு பேரு பாத்துட்டாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அந்தத் தட்டத்தான் சொல்லுவாங்க."

நம்பியிருந்தால் மன்னித்திருப்பேன். நம்பாமலே அஞ்சினார். மறுநாள் வைகறையில் வழக்கம்போல், நீரும் அவனே நெருப்பும் அவனே என்று பாடினார். நானும் பாடினேன். வேறு கல்வி எனக்கு வாய்க்காததால் அந்தக் கல்வியை இறுகப் பற்றினேன். இன்று கோயில்களில் என்னைப் பதிகம் பாட அழைக்கிறார்கள். பக்தி வெள்ளம் என்று போற்றுகிறார்கள். அது வெள்ளந்தான். வேறெங்கும் பாய வழியின்றி அடைபட்ட நீர் ஒரே மடையில் பாய்ந்தால் வெள்ளமாகத்தான் தோன்றும். நான் எலுமிச்சையை வெட்டியதைப் பிழையென்று இன்றளவும் ஒப்பியதில்லை. என்னிடம் கேட்கப்பட்டதைச் செய்தேன், முடிக்க விடவில்லை.

சில ஆண்டுகளில் அத்தை மகனுக்கே என்னை மணமுடித்தார்கள். தட்டின் அபசகுனம் அதற்குத் தடையாகவில்லை. அதைப் பற்றி எவரும் மூச்சுவிடவில்லை. செம்பவாங் குடியிருப்பில் வாழ்வு தொடங்கியது. கணவர் நல்லவர், பேச்சுக் குறைந்தவர்.

அறுபதுகளின் நடுவில், உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஆரத்தி சிந்தி அவருடைய வெள்ளை வேட்டி கறைபட்டது. பொதுக்குழாயடியில் நான் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறை மேலும் சிவந்தது. அத்தை வந்து பார்த்தார்.

"சவுக்காரம் போட்டா செவக்கத்தான் செய்யும். தள்ளு."

மடியிலிருந்து எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்துக் கறைமேல் அழுத்தித் தேய்த்தார். சிவப்பு மறைந்து மஞ்சளானது. "இனி வெயில்ல போடு, மஞ்சளும் ஓடிடும்" என்றார்.

என் கை நனைந்த துணியிலேயே நின்றுவிட்டது.

"அத்தை, இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இது ஒரு கேள்வியா? ஆரத்திக் கறைய வேற எதுல எடுப்பாங்க? எங்காத்தா காலத்துலேந்து செய்யிறதுதான்."

"அப்ப அன்னிக்கு, என் சடங்கன்னிக்கு..."

அவர் வெட்கப்படவில்லை. முகத்தில் குறும்புகூடத் தெரிந்தது.

"தெரியும்டி. எனக்கும் தெரியும், ஒங்கம்மாவுக்கும் தெரியும், அங்க நின்ன எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். நீ பெரிய பள்ளிக்கூடம் போயிருந்தா எம்மவன் வேட்டிய யாரு தொவைக்கிறது?"

குழாயடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மாமியார் மருமகள் விளையாட்டென்று எண்ணியிருப்பார்கள்.

அன்று பிற்பகல் வேட்டியை உலர்த்திவிட்டு, தேக்காவிலிருந்த தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறினேன். அம்மா அடுப்படியில் இருந்தார். நடந்ததைச் சொல்லி, "ஒனக்குந் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும். வாயத் தொறந்திருந்தா ஒன்ன அவ வேணாம்னு போயிருவாளோன்னு பயந்துட்டேன். படிச்ச பொண்ண அப்புறம் யாரு கட்டுவா?"

அறியாமையால் என் வாழ்வு முறிந்தது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அறியாமையை வைதுகொண்டு ஒருவாறு வாழலாம். அன்று அந்த மாடி நிறைய நின்ற பெண்கள் அனைவரும் விடை தெரிந்தவர்கள் என்றறிந்த பின், வைவதற்கு எனக்கு எவரும் மிஞ்சவில்லை. அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தேன். இருட்டுமுன்பே செம்பவாங் திரும்பினேன். மாலை விளக்கேற்றிப் பாட அமர்ந்தபோது, முதன்முறையாக எனக்குப் பாடல் வரவில்லை. மறுநாள் வந்தது. இறைவன் என்னிடம் பொய் சொன்னவன் அல்லன் என்பதால் வந்தது.

செய்ததையே செய்யும் நேர்மையாளனே, இதைப் படிக்கும் அனைவரையும் காப்பாயாக. அவர்கள் இல்லங்களில் மஞ்சளும் மங்கலமும் பொலிக. அங்குள்ள சிறுமியர் கேட்ட கேள்விக்குத் தெரிந்த விடையை மறைக்காத நாவை மூத்தோர்க்கு அருள்வாயாக. எல்லாரும் நலமும் நெடுவாழ்வும் பெறுக.