தொட்டிக்குள் விட்ட கிளாத்தி

மீமிசல் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். கண்காட்சிக்காகச் சின்னக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, ஒன்றையொன்று சீண்டாத விரல்நீள மீன்களாகப் பார்த்து விட்டிருந்தேன். அன்று காலை, என்னைக் கேட்காமலே தலைமையாசிரியர் அதில் பெரிய கிளாத்தி மீன் ஒன்றை விட்டுவிட்டார். அது சின்ன மீன்களைத் துரத்தித் துரத்திக் கடித்தது.

“சார், இது கடிக்கிற மீனுங்க. எடுத்துருங்க.”

“இன்ஸ்பெக்டர் வர்றாரு. பெருசா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். செத்தா என்ன, மீனுதானே டீச்சர்!” என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழையும்போதே தொட்டிக்குள் கையை விட்டுக் கிளாத்தியைப் பிடித்து வாளியில் போட்டேன். விரலில் ரத்தம் கொட்டியது.

“உசுரோட இருக்கிறதைக் காட்டத்தான் சார் கண்காட்சி!” என்று கத்தினேன்.

அடுத்த மாதமே என்னை விராலிமலைக்கு மாற்றினார்கள். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் எனக்கும் உரக்கப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.