கிளிப்புக்குள் மறைந்த தலைப்பு

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றும் தொம்மலூர் டிடிபி கடையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி. இடது காது மந்தமாக இருந்தும் ஈஜிபுரா சர்ச் பாடகர் குழுவில், ஆல்டோ என்னும் தாழ்குரலில் பாடும் பெண்கள் வரிசையில் ஓர் இடம். சொல்லித்தர ஆளில்லாமலே, இசைக்குறிப்பைக் கம்ப்யூட்டரில் அமைக்கும் திறமை. எல்லாம் நோரா போராடி வாங்கியவை.

1999 கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தானே அமைத்துத் தருவதாகக் குழுத் தலைவர் ஹெர்பர்ட் சாரிடம் கேட்டு வாங்கினாள். அதுவரை அவர் கையால் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்துத்தான் பாடினார்கள். சாஃப்ட்வேர் பாட்டின் பெயரைத் தாளின் உச்சியில், நட்டநடுவில் வைத்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி லட்சணமாக இருக்கிறதென்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒத்திகையில் எல்லோரும் வழக்கம்போலத் தாள்களைப் பரீட்சை அட்டையில் செருகினார்கள். இரும்புக் கிளிப் சரியாகத் தலைப்பின் மேல் உட்கார்ந்தது. தாலாட்டு, மேய்ப்பர் பாட்டு இரண்டும் புதுசு. தொடக்க நோட்டுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல. பெண்கள் தாலாட்டைத் தொடங்க, ஆண்கள் மேய்ப்பர் பாட்டில் இறங்கினார்கள்.

பக்கத்தில் நின்ற சாந்தகுமாரி அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி நோரா, பேரே வைக்காம ரெட்டைப் பிள்ளை பெத்துட்டியா?"

ஹெர்பர்ட் சார் சிரிக்கவில்லை. "சும்னே டைம் வீணாப் போவுதும்மா. நான் கையாலயே எழுதிடறேன், விடு."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடுங்க சார். அப்பவும் சரியில்லன்னா நானே விட்டுடறேன்."

முதலாளி சாப்பிடப் போகும் நேரங்களில் உட்கார்ந்தாள். தலைப்பைக் கீழே இழுத்தால் உச்ச நோட்டுகளில் இடித்தது. நோட்டு வரிகளை இறக்கினால் தலைப்பு மட்டும் உச்சியிலேயே தொங்கியது. அது தாளின் விளிம்பைப் பிடித்திருக்கிறது, முதல் நோட்டு வரியை அல்லவா பிடிக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. அமைப்பை மாற்றினாள். தலைப்பு இடது பக்கம் வந்து, முதல் வரிக்கு மேலே ஒரு விரற்கடை விட்டு நின்றது. அதன் கீழே பாட்டு எழுதியவர் பெயர்; வலது ஓரத்தில் இசையமைத்தவர் பெயர். அடுத்த பக்கங்களின் மூலையிலும் சின்ன எழுத்தில் பாட்டின் பெயர். அண்ணனின் பழைய அட்டையில் செருகிப் பார்த்த பிறகுதான் பிரதி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹெர்பர்ட் சார் "தாலாட்டு" என்றார். மொத்தக் குழுவும் ஒரே பாட்டைத் தொடங்கியது.

பாடி முடித்ததும் அவளைக் கூப்பிட்டார். "புத்தகமா அடிக்கப் பிரஸ்ஸுக்குப் போற காப்பி இதானே? உன் பேரு எங்க?"

"நான் பாட்டு எழுதலையே சார்."

"பார்த்துப் பாடற மாதிரி பண்ணது யாரு? சாந்தகுமாரியா?"

"ஐயோ, என்னை இழுக்காதீங்க சார்!"

நோரா அவருடைய பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். நோட்டு அமைப்பு: த. நோரா. 12 டிசம்பர் 1999.