ராட்டினத்தில் ஏற்றுகிறேன் என்று சொன்னவள்

மாத்தளைக்கு அடுத்த யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி நடத்துகிறேன். பதினொன்றரைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு விடும்போது எனக்கு ஒரு சட்டம் உண்டு. வாசலில் வந்து நிற்பது யார் என்று பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பேன். அப்பா, மாமா, அத்தை என்று பதில் வந்தால்தான் பையை எடுத்துக் கொடுப்பேன். பதினாலு வருஷமாக இதில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நிஷாந்திக்குத்தான் முதல்முறையாக விட்டுக்கொடுத்தேன்.

நிஷாந்தி எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கட்டையான உருவம், கடகடவென்ற பேச்சு, ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். மாத்தளை டவுனில் மிளகுக் கடையில் மூட்டை தைக்கும் சசிக்குமாரைக் கட்டிக்கொண்டாள். வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு இறங்கிச் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். மகள் யதுஷாவுக்கு ஒன்றரை வயதானபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிள்ளையைச் சசிக்குமாரின் அக்கா கிருஷ்ணம்மா வளர்த்தாள்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நிஷாந்தி வீடியோ கோல் எடுப்பாள். தலையில் கறுப்புத் துணி சுற்றிய முகம் போனில் வரும். சாப்பிட்டியா, பல்லு வெளக்குனியா, டீச்சர் என்ன பாட்டுச் சொல்லிக்குடுத்தாங்க என்று அரை மணி நேரம் போகும். அந்த முகம்தான் யதுஷாவுக்கு அம்மா. பேசி முடிந்ததும் பிள்ளை டாட்டா காட்டிவிட்டு விளையாட ஓடிவிடும்.

இரண்டே முக்கால் வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் நிஷாந்தி வந்தாள். வந்த இரண்டாம் நாளே முன்பள்ளிக்கு வந்து, யாரும் கேட்காமல் எங்கள் பாய்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் துவைத்துக் காயப்போட்டாள். பதினொன்றரைக்கு மற்றவர்களோடு வாசலில் நின்றாள். நான் வழக்கம்போல யதுஷாவைக் கேட்டேன்.

"யாரு வந்திருக்காங்க?"

பிள்ளை பார்த்தது. "அவங்க" என்றது.

"அவங்கன்னா யாரு?"

பிள்ளை என் கையிலிருந்த பையைப் பார்த்தது. நிஷாந்தி சிரித்துக்கொண்டுதான் நின்றாள், ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பையைக் கொடுத்துவிட்டேன். சட்டம் அன்றைக்கே உடைந்தது. அதற்குப் பிறகு ஏழு வாரமும் அதே "அவங்க"தான்.

இதைவிடக் கொடுமை ஏழு மணிக்கு நடந்தது. சசிக்குமார் சொல்லித்தான் தெரியும். ஏழு அடித்ததும் பிள்ளை அப்பாவின் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்குமாம். நிஷாந்தி அதே அறையில், இரண்டடி தள்ளி, சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பாளாம். "அம்மா இன்னைக்கும் எடுக்கல" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை அத்தையிடம் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். நான்தான் உன் அம்மா என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. பிள்ளை மரியாதையாகத் தலையாட்டும், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் வருடாந்த ட்ரிப் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் கொழும்புப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போகலாம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நான் முடியாது என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். நாலு வயதுப் பிள்ளை நாலு மணி நேரம் பஸ்ஸில் போய், வெயிலில் வரிசையில் நின்று, காது கிழிகிற சத்தத்தில் என்னத்தை அனுபவிக்கப்போகிறது? ஆசைப்படுவது தாய் தகப்பன், அழப்போவது பிள்ளை. பார்க்குக்கே போன் பண்ணிக் கேட்டேன். மூன்றரை அடிக்குக் குறைந்தவர்களுக்குப் பாதிக்கு மேல் விளையாட்டுகள் கிடையாது என்றார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளையும் சுவரில் நிறுத்தி அளந்து காட்டினேன். நாலு பேர்தான் தேறினார்கள். யதுஷா மூன்றே கால் அடி.

கூட்டம் முடிந்ததும் நிஷாந்தி என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், வேணாம்னு சொல்லிறாதீங்க. போன்ல அவகிட்ட சொல்லிருக்கேன், அம்மா வந்ததும் பெரிய ராட்டினத்துல ஏத்துறேன்னு. ரெண்டு வருஷமா சொல்லிருக்கேன். ஆச காட்டி மோசம் பண்ணக்கூடாதுல்ல."

"அவ மூணேகால் அடிதானேம்மா இருக்கா."

"ராட்டினத்துல தாய் கூட ஏறுனா விடுவாங்களாம். நான் கேட்டுட்டேன். சொன்ன ஆளுதான் கூட்டிட்டுப் போகுதுன்னா, அவளுக்கு வெளங்கிரும் டீச்சர். போன்ல பேசுனது நாந்தான்னு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புதன்கிழம எனக்கு பிளைட்டு. ட்ரிப் சனிக்கிழம. அதுக்குள்ள ஒரு தடவ அவ வாயால அம்மான்னு கேட்டுட்டுப் போயிறணும்."

ஊரோடு ஒத்துப்போனேன்.

விடியற்காலை பஸ் கிளம்பியது. அக்குறணை தாண்டுவதற்குள் இரண்டு பிள்ளைகள் சத்தி எடுத்தன. கடுகண்ணாவ இறக்கத்தில் மேலும் ஐந்து. நான் சொப்பிங் பேக்கும் துவாயுமாக ஆசனம் ஆசனமாக ஓடினேன். நிஷாந்தி எனக்கு முன்னால் ஓடினாள். எல்லாப் பிள்ளைகளும் அவளிடம் வாய் துடைத்துக்கொண்டன, யதுஷாவைத் தவிர. அது என் முந்தானையில் துடைத்துக்கொண்டது.

பார்க்கில் நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வாசலிலேயே யானைத் தலை மாட்டிய ஒருவன் கைகுலுக்க வர, பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீரிட்டன. பொம்மை ரயிலில் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு மலசலகூடத்துக்குக் கூட்டிப்போனேன். அதோடு பார்க் முடிந்தது. அங்கே கைகழுவும் இடத்தில் கையை நீட்டினால் தானே தண்ணீர் விடும் பைப்புகள் வரிசையாக இருந்தன. சுவர் முழுக்க மஞ்சள் வாத்துப் படம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் திறக்காமலே தண்ணீர் வருகிற பைப்பை எங்கே கண்டார்கள்? கையை நீட்டுவதும் எடுப்பதும் சிரிப்பதுமாக முக்கால் மணி நேரம். யதுஷாவை இழுத்துக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நிஷாந்தி மட்டும் ராட்டின வரிசையில் நாற்பது நிமிஷம் வெயிலில் நின்று இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் யதுஷாவைக் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் முறை வந்தது. கேட்டில் நின்ற பொடியன் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா கோ?" என்று கேட்டான். அம்மா எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறான். எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும்.

"அம்மா போன்ல" என்றாள் யதுஷா.

நிஷாந்தி நான்தான் தாய் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கினாள். தலைக்கு மேலே இரும்புக் கூண்டு கிறீச்சென்று வந்து நின்றது. பிள்ளை உடம்பை வில்லாய் வளைத்துக் கத்தியது. இரண்டு கையாலும் என் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"விடுங்க! அம்மாகிட்ட சொல்லுவேன்! டீச்சர், அம்மாவுக்கு அடிங்க! ஒங்க போன்ல அம்மாவுக்கு அடிங்க!"

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பொடியன் தயங்கி, அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நிஷாந்தி பிள்ளையை மெதுவாகக் கீழே இறக்கினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் சொன்னது சரி என்கிற சந்தோஷமெல்லாம் அந்த நிமிஷத்தோடு செத்தது.

அவள் என்னைப் பார்த்து, கோல் எடுங்கள் என்பதுபோலத் தலையை அசைத்தாள். பிறகு விறுவிறுவென்று கூட்டத்துக்குள் போய் மறைந்தாள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று பெற்றோருக்கு வருஷம் முழுக்கப் பாடம் எடுக்கிறவள் நான். இது பொய்யா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை. மரத்தடி வாங்கில் யதுஷாவை உட்காரவைத்து, பெற்றோர் குரூப்பில் இருந்த நிஷாந்தியின் நம்பருக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

முகம் வந்தது. சல்வார் ஷோலைத் தலையில் இழுத்துச் சுற்றியிருந்தாள்.

"அம்மா!" என்றது பிள்ளை. அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். "ஏன் இவ்ளோ நாளா எடுக்கல?"

"அம்மாவுக்கு வேல தங்கம். ஏன் அழுவுற?"

"அவங்க என்னய ராட்டினத்துல ஏத்தப் பாத்தாங்க. எனக்குப் பயமா இருக்கு. யானையப் பாத்தாலும் பயமா இருக்கு. ராட்டினம் வேணாம்."

"சரி, வேணாம். ஏறவே வேணாம். அம்மா தெரியாமச் சொல்லிட்டேன். பின்ன என்ன வேணும்?"

"நீ வா."

நிஷாந்தி ஷோலை இன்னும் முன்னால் இழுத்துவிட்டாள். யதுஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, ஒனக்குப் பின்னால வாத்து."

"ஆமா."

"வாத்து இங்கதான் இருக்கு. பைப்புகிட்ட. நீயும் பைப்புகிட்டயா இருக்க?"

நான் பிடிப்பதற்குள் வாங்கிலிருந்து குதித்து, என் போனோடு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கைகழுவும் இடத்தில் வாத்துச் சுவரில் சாய்ந்து நிஷாந்தி நின்றிருந்தாள், கையில் போன், தலையில் ஷோல்.

பிள்ளை நின்றுவிட்டது. போனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, திரும்பப் போனைப் பார்த்தது. நிஷாந்தி கோலை வெட்டாமல் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். யதுஷா கிட்டப் போய் ஒரு கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே மற்றக் கையில் இருந்த போனைப் பார்த்தாள். போனுக்குள் அம்மாவின் கன்னத்தில் ஒரு சின்னக் கை இருந்தது. கையை எடுத்தாள். போனிலும் போனது. மறுபடி வைத்தாள்.

"நீதானா?" என்றாள்.

"நாந்தான்" என்றாள் நிஷாந்தி.

பிள்ளை போனை என்னிடம் நீட்டிவிட்டு, அவள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு பைப்புக்குப் போய்விட்டது. கையை எப்படி நீட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பஸ் ஏறும்வரை இரண்டு பேரும் அங்கேதான். நான் ஒரு ஓரமாகப் போய் நன்றாக அழுதேன்.

பஸ்ஸில் யதுஷா நிஷாந்தியின் மடியில் தூங்கினாள். "பிளைட்ட என்ன பண்ணப்போற?" என்று கேட்டேன். "கொன்ராக்ட்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கு டீச்சர். போய்த்தான் ஆகணும்" என்றாள். திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. செவ்வாய் பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்பாமல் கூடவே வைத்துக்கொண்டாள். புதன்கிழமை போய்விட்டாள்.

அவள் போன மூன்றாம் வாரம் சசிக்குமார் வந்தான்.

"டீச்சர், ஏழு மணிக்குப் பேசுறத நிப்பாட்டிறவா? முந்தி டாட்டா காட்டிட்டு வெளாடப் போயிரும். இப்ப போன வச்சா அழுகுது. காச்சலே வந்திருச்சு. அம்மா எங்கன்னு போனத் திருப்பித் திருப்பிப் பாக்குது."

நிஷாந்தியிடமே கேட்டுவிடலாம் என்று அன்று மத்தியானம் நானே அவளுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

"அழுவுறாளா டீச்சர்?"

"ஆமா."

"ரெண்டே முக்கா வருஷமா போன வச்சதும் நாந்தான் அழுவேன். அவ அழுததே இல்ல. வீடு மெதுவா கட்டிக்கலாம் டீச்சர். நான் வந்துர்றேன்."

சொன்னால் ஆயிற்றா? குவைத் வீட்டு மேடத்தின் கையைக் காலைப் பிடித்து, அவள் விடுபட்டு வர மேலும் ஒரு மாதம் ஆனது. விமான நிலையத்திலிருந்து மாத்தளைக்கு பஸ், அங்கிருந்து யட்டவத்த பஸ், பிறகு த்ரீவீல். வீட்டுக்குப் போகாமல் நேரே முன்பள்ளி வாசலில் வந்து இறங்கினாள். மணி பதினொன்றரை. கிருஷ்ணம்மாவும் வந்திருந்தாள். இவளைக் கண்டதும் ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

தீம் பார்க் நாலு வயதுக்குச் சரிவருமா என்று இன்றைக்கு என்னைக் கேட்டாலும் வராது என்றுதான் சொல்வேன். இந்த வருஷம் ட்ரிப் பல்லேபொலவில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம்தான், பஸ்ஸில் கொஞ்ச நேரம்.

ஆனால் நிஷாந்தி வந்து இறங்கிய அன்றைக்கு என் சட்டத்தை நான் விடவில்லை. யதுஷாவின் பையை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"யாரு வந்திருக்காங்க?"

பிள்ளை வாசலுக்குப் போய், நிஷாந்தியின் குனிந்த முகத்தில் கையை வைத்துப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"அம்மா" என்றது. "பையக் குடுங்க டீச்சர்."