எட்டாவது உறை

உக்கிரபாண்டி என்று பேர் வைத்துவிட்டார்களே தவிர, அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது மைக்கில் மட்டும்தான். "அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ." அதற்கு மேல் அவனிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். ஆமத்தூரில் அவனுடைய மைக் செட் கடையும் என்னுடைய பிளெக்ஸ் கடையும் அடுத்தடுத்து. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு, எதுவானாலும் நான் பிளெக்ஸ் தட்டி கட்டுகிற இடத்தில் அவன் செட்டு கட்டுவான். பதினாறு வருஷமாக இப்படித்தான் போகிறது.

அவனிடம் எட்டு மைக் ஸ்டாண்டு உண்டு. ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிபயரையும் கைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வான். ஸ்டாண்டை மட்டும் விறகுக்கட்டு போலக் குட்டியானை வண்டியில் அள்ளிப் போடுவான். வழியெல்லாம் ஒன்றோடொன்று மோதித் திருகாணிகளின் மரை தேய்ந்துபோகும். விஸ்வநத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் தாய்மாமன் வாழ்த்திப் பேச எழுந்தார். அவர் பேசப் பேச மைக் இறங்கியது, மைக் இறங்க இறங்க அவரும் குனிந்தார். கடைசியில் மணமக்கள் காலில் விழப் போகிறவர் மாதிரி நின்றார். பந்தலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு வேறு செட்டு வந்தது.

அதற்கு வழி கண்டவள் அவன் பெண்டாட்டி கற்பகவல்லி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மருந்து இருக்கிற இடத்தில் இரும்போடு இரும்பு உரசக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அந்தப் பயத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். அடுப்படியில் கரண்டி விழுந்தால்கூடத் திடுக்கிடுவாள். விசேஷம் முடிந்து நான் கழற்றி வருகிற பழைய பிளெக்ஸை எல்லாம் கேட்டு வாங்கி, வெட்டி, லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் ஸ்டாண்டுக்கு உறை தைத்தாள். அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"செத்தவுக மூஞ்சியக் கல்யாண வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவீகளாண்ணே?" என்றாள். என் வேலையை உள்பக்கமாகத் திருப்பிப் போட்ட ஒரே வாடிக்கைக்காரி அவள்தான்.

ஏழு உறை முடிந்திருந்தது. ஆவணியில் காய்ச்சல் வந்து படுத்தவள், மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலைக்குப் போகிற ஒருத்தி செத்தாள் என்றால் எல்லோருக்கும் வாயில் வருவது ஒரே கேள்விதான், எந்தக் கம்பெனியில் வெடித்தது என்று. கேட்ட ஒவ்வொருவருக்கும் உக்கிரபாண்டி, "கம்பெனி இல்ல, காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மைக் டெஸ்டிங் சொல்கிற அதே தட்டையான குரல். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கும் கோபம்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை நான்தான் அடித்தேன். ஆறடிக்கு நாலடி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஸ்டாப்பிலிருந்து கழற்றினேன். தட்டியின் சட்டம் என்னுடையது, அடுத்த ஆர்டருக்கு வேண்டும். பிளெக்ஸைச் சுருட்டி, சுருட்டிய கையோடு நேரே அவன் கடைக்குப் போய், "இந்தாலே, உறைக்கு ஆகும்" என்று நீட்டினேன். ஒரு வருஷமாகக் கை பழகிய பழக்கம். அவன் வாங்கி மூலையில் சாத்தி வைத்தான். என் கடைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எதைக் கொடுத்தேன் என்று எனக்கே தெரிந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பக் கேட்கவும் வாய் வரவில்லை.

இருபதாம் நாள் அவன் ஒரு காதுகுத்துக்குச் செட்டு எடுத்துப் போனான். சாப்பிட்டாயா என்றால் ம் என்பான். சாப்பிடலையா என்றாலும் ம் என்பான். உறையில்லாத அந்த ஒரு ஸ்டாண்டு மட்டும் வண்டியின் தகரத்தில் மோதி டங் டங்கென்று அடித்துக்கொண்டே வரும். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிற விலக்கில், வருகிற பக்கம் மட்டும் இரண்டு வேகத்தடை, இரண்டிலும் அடிக்கும். அவன் வருவது கடையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும். ஒரு துணியாவது சுற்றேன் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவேயில்லை.

ஆயுத பூஜைக்கு ஒரு ஆர்டர் வந்தது. கற்பகவல்லி வேலை பார்த்த அதே கம்பெனி. பூஜை முடிந்து தொழிலாளிகளுக்குப் பாட்டுக் கச்சேரி, எட்டு ஸ்டாண்டும் வேண்டும். மருந்து அறைகளைத் தாண்டித்தான் மேடைக்கு வண்டி போக வேண்டும் என்பதால், இரும்பு எதுவும் மூடாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன் என்று போர்மேன் ஜெயபாண்டி அண்ணாச்சி போனிலேயே சொல்லிவிட்டார். உக்கிரபாண்டி சரி என்றான். நான் புது பிளெக்ஸில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு ஓடினேன்.

"வேண்டாம்ண்ணே," என்றான். "எட்டாவதுக்குத்தான் குடுத்துட்டீகளே."

குத்திச் சொல்லவில்லை. குத்திச் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மூலையில் அந்தச் சுருள் அப்படியே நின்றது. உறை தைக்க வேண்டுமென்றால் அவள் முகத்தில் கத்தரி வைக்க வேண்டும். தைக்காவிட்டால் அவள் வேலை பார்த்த இடத்தின் வாசலிலிருந்து திரும்பி வர வேண்டும். அவனை இதில் கொண்டுபோய் மாட்டியது நான்.

பூஜையன்று காலை, கம்பெனிக்குத் தட்டி கட்ட நானும் அதே வண்டியில் ஏறினேன். பின்னால் எட்டு உறை கிடந்தது. எட்டாவது மட்டும் உப்பிக்கொண்டு, கோணல்மாணலாக, சாக்கு ஊசியும் நைலான் நூலுமாகத் தைத்திருந்தது. வெள்ளைப் பக்கம் வெளியே. நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் ஜெயபாண்டி அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கற்பகவல்லி ஒரு உறையைக் கம்பெனியில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள் போல. கற்பகம் தையல்தான் இது என்று தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியாக எட்டாவதைக் கையில் எடுத்தார்.

"இது என்னப்பா, தலகாணி மாதிரி இருக்கு? நல்ல தையக்காரன்ட்டக் குடுத்து, வேண்டாதத வெட்டிட்டுத் தைக்கச் சொல்லு."

"வெட்ட முடியாதுண்ணாச்சி," என்றான் உக்கிரபாண்டி. "உள்ள அவ படம் இருக்கு. மடிச்சுத் தச்சிருக்கேன்."

அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் தாங்கி, மற்ற ஏழுக்கும் நடுவில் படுக்க வைத்தார். கேட்டைத் திறக்கச் சொன்னார்.

நான் தட்டி கட்டுகிற சாக்கில் அதன் பின்னால் போய் நின்று அழுதேன். அந்தப் பக்கம் மேடையிலிருந்து அவன் குரல் கேட்டது. அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. எப்போதும் போலத்தான் இருந்தது. கச்சேரி முடிந்து எட்டையும் உறையில் போட்டு ஏற்றினான். கூட வேலை பார்த்த பெண்கள் இரண்டு பேர் அவனிடம் ஏதோ பேச வந்தார்கள். அவன் ம் என்றான்.

திரும்பும்போது எங்கள் ஊர் விலக்கில் முதல் வேகத்தடை ஏறி இறங்கியது. அவன் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"சத்தம் வரலண்ணே," என்றான். "விழுந்துருச்சோன்னு பாத்தேன். எட்டும் இருக்கு."

ஏறி உட்கார்ந்தவன் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னாலிருந்த இரண்டாவது வேகத்தடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே பழைய பிளெக்ஸு குடுக்காதீகண்ணே," என்றான். "எல்லாத்துக்கும் உறை ஆயிருச்சு."