புதன்கிழமை போடி ரயில்

ஜாக்கெட் தைக்கிறவள் சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுத்துவிட்டால், வாங்க வந்தவருக்கே எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று தோன்றும். நாங்கள் செவ்வாய் என்றால் அது வியாழன். வாடிக்கைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை விசேஷத்தைப் புதன்கிழமை என்பார்கள். இரண்டு பொய்யும் நடுவில் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளும், வேலை நடந்துவிடும். மெஷின் மிதிக்கிற சகோதரிகளே, உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையில் போடி ரயில் பாதையோரம் முப்பத்தொரு வருஷமாகத் தைக்கிறேன். பாதையை அகலமாக்க நிறுத்திவைத்த காலம் போக, காலையில் போகிற ரயிலைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வேன். எனக்கு ஒரே ஆசை. தனியாக அதில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போடி வரை போய், அதே ரயிலில் சாயங்காலம் திரும்ப வேண்டும். முன்பதிவு வேண்டாம், தங்கும் செலவு இல்லை, கையில் தயிர்சாதம். ஆனால் கல்யாணம் இல்லாத ஆடியில்தான் முடியும். அதை விட்டால் ஆவணி முகூர்த்தம், தீபாவளி, தை. அப்புறம் அடுத்த ஆடிதான். இரண்டு ஆடி வீணாகப் போய்விட்டது. அறுபத்துநாலு வயதில் இன்னும் எத்தனை ஆடிக்குக் காத்திருக்கிறது?

தனியாக, பதினான்கு பேர்

முதல் ஆடியில் வாய் தவறிக் கொழுந்தன் மனைவி சாந்தியிடம் சொல்லிவிட்டேன். "தனியாவா? பாவம்க்கா, நானும் வாரேன்" என்றாள். அவள் வந்தால் பிள்ளைகள் வரவேண்டும். பிள்ளைகள் வந்தால் அவள் அம்மாவை எங்கே விடுவது? ரயிலில் எல்லாருக்கும் இடம் கிடைக்காது என்று வேன் பிடித்தார்கள். போடி தூரம் என்று வைகை அணைக்குப் போனோம். புளியோதரை நான்தான் கிளறினேன்.

அணைப் பூங்காவில் ஆறு தடவை தலை எண்ணினேன். ஐந்து தடவை பதின்மூன்று வந்தது. என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஆறாவது தடவைதான் புரிந்தது. இறங்கும்போது சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வருசமும் இதே மாதிரி தனியா போவோம்க்கா."

டீச்சர் நடத்திய விசாரணை

இரண்டாவது ஆடியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை விடுங்கள். மூன்றாவதாக, இந்த ஆடியில் ஒரு புதன்கிழமையைக் குறித்தேன். எதிர்வீட்டு டீச்சர் என் வாடிக்கை. அளவு கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"போடில யாரு இருக்கா?"

"யாரும் இல்லைங்க."

"கோயிலுக்கா?"

"இல்லைங்க."

"துக்க வீடா?"

"சும்மா போறேன் டீச்சர். போயிட்டு வந்துருவேன்."

அவர் அளவுக்குத் தூக்கிய கையோடு நின்றார். நான் டேப்பைச் சுற்றி முடித்த பிறகும் கை இறங்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டெய்லரக்கா, அண்ணன் எதுவும் கைநீட்டிட்டாரா?"

அந்த அண்ணன்

கைநீட்டுகிற ஆள் இல்லை எங்கள் வீட்டுக்காரர். தட்டை நீட்டத்தான் தெரியும். குக்கரில் அரிசி களைந்து போட்டு, தண்ணீரும் அளந்து ஊற்றிவைக்கிறேன், மூடி அடுப்பில் வைத்தால் போதும், மூன்று விசில் என்றேன். ரசம் தூக்குவாளியில், அப்பளம் டப்பாவில். எல்லாவற்றையும் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். எட்டு வரி வந்தது.

கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள் என்றேன். இருந்தது: "இதுல நீ எப்ப திரும்பி வருவங்கிறதை எழுதலையே?"

பதினான்கு ஜாக்கெட்

ஒரு வாரம் முன்னாலேயே வாசலில் எழுதித் தொங்கவிட்டேன்: 'புதன்கிழமை கடை கிடையாது. துணிகளைச் செவ்வாய் மாலைக்குள் வாங்கிக்கொள்ளவும்.' பதினான்கு ஜாக்கெட்டையும் செவ்வாய் மதியத்துக்குள் முடித்து, இஸ்திரி போட்டு, பெயர்ச் சீட்டுக் குத்தி அடுக்கினேன். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. அடுக்கை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாலைக்குள் மூன்று பேர்தான் வந்தார்கள். அதில் இருவர், வந்தது நினைவூட்டத்தான். துணி தயாராக இருந்ததில் அதிர்ந்துபோனார்கள். மீதிப் பேருக்குப் போன் செய்தேன். "சரிக்கா, சரிக்கா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். என்னிடம் கொக்கி வைக்கிற ராணி, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பழக்கி விட்ட பழக்கம்தானே இம்புட்டும்! செவ்வாய்னா செவ்வாய்தான்னு அவங்களுக்குக் கனவா வரும்?"

ஜன்னலோரம் வந்த கை

புதன் காலை. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் "எத்தனை?" என்றார். "ஒன்று" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ரயில் கிளம்ப முக்கால் மணி முன்னாலேயே ஏறி, ஜன்னலைத் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். விசில் ஊத நாலு நிமிஷம் இருக்கும்போது ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை வந்தது. கையில் என் கடைப் பை.

செவ்வாய் வந்த மூவரில் ஒருத்தி, வசந்தா. வீட்டுக்குப் போய் எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். பத்து மணிக்கு அவள் பால்குடம் எடுக்க வேண்டும். "இதைப் போட்டா கையைத் தூக்க முடியலக்கா. இம்புட்டுத்தான் போகுது" என்று பிளாட்பாரத்திலேயே தோள் வரை தூக்கிக் காட்டினாள். தோள் வரை தூக்கினால் குடம் தலைக்கு எப்படிப் போகும்? அவள் அளவுக்குக் கொடுத்தது அவள் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட். இதே அளவுதான், ஒரு இஞ்ச் கூடக் கூடவில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். சகோதரிகளே, அந்தச் சத்தியத்தை நம்பி யாராவது தைப்போமா? உள்ளே துணி விட்டு மூன்று தையல் ஓட்டியிருந்தேன். முதல் தையலைப் பிரித்தால் போதும்.

பிளேடு என் பர்ஸிலேயே இருக்கும். அவள் ஏறி எதிரே உட்கார்ந்தாள். ஒரு கை முடிந்து மறு கை பாதியில் இருந்தபோது வண்டி நகர்ந்தது. "அக்கா, நகருது! டிக்கெட் எடுக்கலக்கா!" என்று என் முழங்கையைப் பிடித்தாள். "ஆட்டாதே, துணி கிழிஞ்சா பால்குடமே கிடையாது" என்றேன். அம்மனை விட்டுவிட்டு, பிரித்து முடிகிறவரை என்னையே கும்பிட்டுக்கொண்டு வந்தாள். வடபழஞ்சியில் ஜாக்கெட்டோடு இறங்கினாள். மதுரைக்குப் பஸ் இருக்கிறது என்று யாரோ காட்டினார்கள். பஸ்ஸுக்கு ஓடவேண்டியவள், திரும்பி என் ஜன்னலுக்கு வந்து, வாயில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அடியாத்தி, நெசமாவே போறீங்களாக்கா? வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுத் தைக்கப் போறீங்கன்னுல்ல நேத்து நெனச்சேன்!"

திரும்பி வந்து

வடபழஞ்சிக்கு அப்புறம் எதிர் சீட்டில் யாரும் இல்லை. பாலங்களை எண்ணிக்கொண்டே போனேன். உசிலம்பட்டி தாண்டி, ரயில் மலையைப் பிளந்த வழியில் நுழைந்ததும் எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கத் தோன்றவில்லை. போடியில் தயிர்சாதம் சாப்பிட்டேன், வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன், ராணிக்கு ஏலக்காய் வாங்கினேன். அவ்வளவுதான். ஒருவரும் என்னை "அக்கா, எப்பத் தருவீங்க?" என்று கேட்கவில்லை.

வியாழன் காலை கடை வாசலில் பதினொரு பேரும் ஒன்றாக நின்றார்கள். அவர்கள் கணக்கில் அதுதான் செவ்வாய். நான் நிஜமாகவே போனதை வசந்தா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எல்லாரையும் முந்திக்கொண்டு டீச்சர்தான் சண்டைக்கு வந்தார்: "புதன்னா புதனேதான்னு ஒரு வார்த்தை வெளக்கமாச் சொல்லக்கூடாதா? தெரிஞ்சிருந்தா நாங்க அம்புட்டுப் பேரும் கூட வந்திருப்போம்ல?"

முப்பத்தொரு வருஷம் தேதி தவறித் தவறித் துணி கொடுத்து நான் சம்பாதித்த பெயர்தான், கடைசியில் எனக்கு ஒரு ஜன்னலோர சீட்டை வாங்கிக் கொடுத்தது.