மிலிட்டரி லாரிக்கு வார்த்த பிரேக் டிரம்

லேத்தில் ஏற்றிய பிரேக் டிரம்மின் மேல்தோலை உளி சீவியதும், உள்ளே ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள் தெரிந்தன. மிலிட்டரி இன்ஸ்பெக்டர் லேத்தை நிறுத்தச் சொன்னார். இன்னொன்றை ஏற்றினோம். அதிலும் ஓட்டை.

சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம் அது. துடியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரியில் நான் மோல்டிங் மேஸ்திரி. மலைப்பாதையில் ஓடும் பெரிய மிலிட்டரி லாரிகளுக்கு ஸ்பேர் டிரம் வார்க்கும் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்திருந்தது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். சோதனை நாளன்று கொடுமுடியிலிருந்து மாமனாரையும் வரவழைத்து, சந்தனம் வைத்து அடுக்கியிருந்த டிரம்களைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம். வார்ப்பு அச்சு மணலில் ஈரம் கூடி, ஆவி வெளியே போகாமல் இரும்புக்குள்ளேயே குமிழியாக நின்றுவிட்டது. மணலைப் பதம் பார்ப்பது என் வேலை. இன்ஸ்பெக்டர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார்.

"மேஸ்திரி, இந்த வண்டியில முப்பது சிப்பாய் உக்காந்து வருவான். எறக்கத்துல இது வெடிச்சா என்ன ஆகும்?"

மாமனார் பக்கத்தில் நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

மொத்த லாட்டும் ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸ் ரூமுக்குப் போனார். ஃபவுண்டரிக்கு வேறு வேலையாக வந்திருந்த பொள்ளாச்சி ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரி முதலாளியை நெருங்கினார்.

"ஏனுங்க, ஒடைச்சு உருக்கறதுக்குப் பதிலா எங்கிட்டக் குடுத்துப்போடுங்க. நம்ம பக்கத்து லாரிக்கு இது போதுமுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, தாங்குமா?"

தாங்காது என்று சொன்னால் என் கையால் வார்த்ததை நானே குப்பை என்று சொன்னதாகும். நான் தயங்கி நிற்கும்போதே, மணல் சலித்துக்கொண்டிருந்த பழனியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"எங்கூட்டுக்காரரும் லாரிதானுங்க ஓட்டறாரு. வால்பாறைக்கு அரிசி ஏத்திக்கிட்டுப் போறாரு. அந்த எறக்கமும் எறக்கந்தானுங்களே?"

அவள் மூலையில் கிடந்த சம்மட்டியை இழுத்து வந்து ஒரு டிரம்மின் மேல் போட்டாள். முதல் அடியில் விரிசல் விட்டது. அடுத்த அடியில் பிளந்தது. பிளந்த இடத்தில் வரிசையாகக் கறுத்த ஓட்டைகள்.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "அந்தச் சம்மட்டிய இங்க குடு அம்மணி," என்று வாங்கி அடுத்ததை அடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். சந்தனத்தோடு இருந்த ஒவ்வொன்றையும், பொழுது சாயும்வரை, என் மாமனார் பார்க்க நானே உடைத்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது ஃபவுண்டரிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் உங்கள் லாட்டில் ஒன்றை எடுத்து நீங்களே உடைத்துப் பாருங்கள். அது எந்த வண்டிக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த லாட் பாஸ் ஆனது. இன்ஸ்பெக்டர் கை கொடுத்தார். முதலாளி எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தார். பழனியம்மாளும் வந்து, "நல்லா வந்திருக்குதுங்க மேஸ்திரி," என்று சிரித்தாள். அப்போதும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூசியது.